சார்ஜர் போகும், மிக்சி போகாது

நியூஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்கு நம்ம ஊர் மிக்சியை எடுத்துப்போகலாமா, பிளக்குக்கு அடாப்டர் வாங்கிவிட்டேன் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வேண்டாம் அம்மா. அடாப்டர் மாற்றுவது பிளக்கின் கால்களை மட்டும். அங்கே சுவரில் வருவது 120 வோல்ட். உங்கள் மிக்சி கேட்பது 230. மின்னழுத்தம் பாதியானால் திறன் ஏறத்தாழ கால்வாசிக்கு இறங்கிவிடும். தேங்காய்ச் சட்னிகூட ஒழுங்காக அரைபடாது. அங்கே வாங்கிய ஹேர் டிரையரை இங்கே செருகினால் நேர்மாறு: ஏறக்குறைய நான்கு மடங்கு திறன் பாய்ந்து கருகிவிடும்.

ஏன் இந்த வித்தியாசம்? எடிசன் காலத்து 110 வோல்ட்டை ஒட்டியே அமெரிக்கா நின்றுவிட்டது. செம்புக் கம்பியை மிச்சப்படுத்த பெர்லின் 1899-இல் 220-க்கு மாறியது. வரலாறு இவ்வளவு போதும்.

அதே பெட்டியில் போகும் செல்போன் சார்ஜருக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை? அதன் முதுகில் பொடி எழுத்தில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருக்கும். உள்ளே நடப்பது அற்புதம். வருகிற மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கிவிடுகிறது. 50, 60 என்ற பேதம் அங்கேயே தீர்ந்தது. பிறகு ஒரு டிரான்சிஸ்டர் அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகிறது.

தண்ணீர்ப்பந்தலில் குழாயடியில் நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வேகமாக வந்தால் சட்டென்று மூடுவார், மெதுவாக வந்தால் சற்றுக் கூடுதலாகத் திறந்துவைப்பார். கண் எப்போதும் டம்ளரின் மட்டத்தில். குடிப்பவர் தாகத்தோடு உறிஞ்சினால் அதிகம் விடுவார். குடித்து முடித்தால் எப்போதாவது ஒரு சொட்டு. மட்டம் மட்டும் மாறாது. அந்த மட்டம்தான் உங்கள் போனுக்குச் சாதாரணமாகப் போகும் 5 வோல்ட். இத்தனை வேகத்தில் வெட்டுவதால்தான் நெல்லிக்காய் அளவு டிரான்ஸ்பார்மரே போதுமானதாகிறது.

மிக்சிக்கு வோல்ட்டை மாற்றித் தரும் என்று கைக்கடக்கமாக '2000 வாட் கன்வர்ட்டர்' விற்பதை நம்ப வேண்டாம். அவற்றில் பல, மின்னலையை முரட்டுத்தனமாக நறுக்குபவை. இஸ்திரிப்பெட்டிக்கு ஒப்பேறலாம், மோட்டாருக்கு ஆகாது. 750 வாட் மிக்சியை ஓட்டும் உண்மையான டிரான்ஸ்பார்மர் பல கிலோ இரும்பும் செம்பும்.

மின்சாரத்துக்கு மட்டுமல்ல, வைஃபைக்கும் நாட்டெல்லை உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் அமெரிக்கச் சாதனங்கள் பொதுவாக 11-ஆம் சானலோடு நிற்கும். இங்கே 13 வரை உண்டு. மகள் அனுப்பிய டேப்லெட்டுக்கு வீட்டு வைஃபை தெரியவில்லையென்றால் ரவுட்டரை 1, 6, 11-இல் ஒரு சானலில் வைத்துப் பாருங்கள்.

மிக்சியை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர் மாடல்களே அந்த மின்சாரத்துக்குக் கிடைக்கின்றன. அடித்தகட்டில் 110 அல்லது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.