கதவைச் சாத்திவிட்டுப் பேச உட்காருங்கள்

"ஆன்லைன்ல ஒரு தடவை பேசிப் பார்த்தேன் டாக்டர். அவங்க ஒண்ணுமே சொல்லல. நான் சொல்றதைக் கேட்டு எழுதிக்கிட்டே இருந்தாங்க. அதோட விட்டுட்டேன்." மனநலப் புறநோயாளிப் பிரிவில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. விட்டபிறகு என்ன செய்தார்கள் என்று துருவினால்தான் மீதி வெளியே வரும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையில் பாதி, தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிய வேறொன்று, விடியும்வரை ரீல்ஸ். சில மாதங்களில் சரியாகியிருக்க வேண்டியவர் வேலையை இழந்து, வீட்டில் பேச்சும் நின்றுபோய், உடல் இளைத்து வந்து நிற்பார்.

காணொளி வழி மனநல ஆலோசனை கொரோனா காலத்துக்குப் பிறகு பெருகியிருப்பது நல்ல விஷயம். பரமக்குடியில் இருப்பவர் ஒரு மணி நேர ஆலோசனைக்காக மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. ஆனால் தொடங்கினால் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் பாதியில் விடுகிறார்கள்.

முதல் அமர்வு இப்படித்தான் இருக்கும்

அநேகமாக 45 முதல் 50 நிமிடம். எடுத்த எடுப்பிலேயே, இப்போது எந்த முகவரியில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அவசரமென்றால் யாரைக் கூப்பிடலாம் என்று கேட்பார்கள். வேவு பார்க்கிறார்கள் என்று நினைத்து இணைப்பைத் துண்டித்தவர்கள் உண்டு. பேச்சின் நடுவே உங்கள் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஓடிவர முடியாது. உங்கள் அருகில் இருக்கும் ஒருவரைத்தான் அவர் அனுப்ப வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கேள்வி.

பிறகு தூக்கம், பசி, குடி, பழைய சிகிச்சை, குடும்பத்தில் யாருக்காவது இதுபோல் இருந்ததா என்று வரிசையாகக் கேட்பார்கள். ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தையும் நிரப்பச் சொல்லலாம். முதல் நாளில் தீர்வு கிடைக்காது. கிடைத்துவிட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். உடம்பின் கோளாறும் மனச்சோர்வாகத் தெரியலாம் என்பதால், தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, பி12 பார்க்கச் சொன்னால் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் இடம் எங்கே?

இதுதான் நம் ஊரில் பெரிய சிக்கல். இரண்டு அறை வீட்டில் மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருக்க, மருமகள் எப்படி மனதைத் திறப்பாள்? மொட்டை மாடி, நிறுத்தி வைத்த கார், தோழியின் வீடு, மதிய நேரத்தில் காலியாகக் கிடக்கும் அலுவலக அறை என்று ஓர் இடத்தை முன்கூட்டியே பிடித்து வையுங்கள். இயர்போன் கட்டாயம். யாராவது உள்ளே வந்தால் பேச்சை மாற்ற, ஆலோசகருடன் ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளலாம். "நாளைக்கு லீவு" என்று நீங்கள் சொன்னால் அவர் புரிந்துகொள்வார். நெட் போனால் யார் யாரைத் திரும்ப அழைப்பது என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பைக் ஓட்டிக்கொண்டே ஆலோசனைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அமர்வு முடிந்த கையோடு ஆபீஸ் மீட்டிங்கில் நுழைவதும் வேண்டாம். பத்து நிமிடமாவது சும்மா இருங்கள்.

அந்தப் பக்கம் இருப்பவர் யார்?

'ஆலோசகர்', 'ஹீலர்', 'லைஃப் கோச்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். சனி ஞாயிறு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவர்களும் இணையத்தில் கடை விரித்திருக்கிறார்கள். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. முகம் சுளிக்கிறவரிடம் பணம் கட்டாதீர்கள். கட்டணம், நேரம் மாற்றினால் பணம் போகுமா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

நம்பக்கூடாத பேச்சுகள்

'பேசுறதுக்கா காசு? ஃப்ரெண்டுகிட்ட பேசினா போதாதா?' நண்பர் ஆறுதல் சொல்வார், அது வேண்டியதுதான். ஆனால் ஒரே எண்ணம் ஏன் உங்களைச் சுற்றிச் சுற்றி வருகிறது என்று பிரித்துப் பார்ப்பது பயிற்சி பெற்றவரின் வேலை. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சைக்கு வாரம் ஒன்றாக, பொதுவாக 6 முதல் 20 அமர்வுகள் வரை ஆகும். நடுவில் வீட்டுப்பாடமும் உண்டு. பயந்த நேரம், அப்போது ஓடிய எண்ணம் எல்லாம் எழுதிவரச் சொல்வார்கள். எழுதாமல் வருகிறவர்கள்தான் அதிகம்.

'விவாகரத்து பண்ணலாமான்னு கேட்டேன், பதிலே சொல்லல.' சொல்ல மாட்டார்கள். உங்கள் வாழ்க்கையை நீங்கள் முடிவு செய்ய உதவுவதோடு அவர்கள் வேலை முடிகிறது. இதைச் செய், அதைச் செய் என்று முதல் நாளே உத்தரவு போடுகிறவரைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள்.

'பேசின அன்னைக்கு இன்னும் அழுகையா வந்துச்சு.' வரும். பல வருடம் மூடி வைத்ததைத் திறந்தால் ஒன்றிரண்டு நாள் கனமாகத்தான் இருக்கும். அடுத்த அமர்வில் அதையே சொல்லுங்கள். வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போனால் சிகிச்சை முறையை மாற்றவேண்டியிருக்கும்.

'தற்கொலை எண்ணம் வருதான்னு கேக்குறாங்க, கேட்டா அந்த நினைப்பு வந்துடாதா?' வராது. கேட்டபிறகுதான் பலர் முதல்முறையாக வாய்திறக்கிறார்கள்.

'பேசினதெல்லாம் வெளியே போயிடும், கல்யாணம் நிக்கும்.' 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு, குழந்தை மீதான பாலியல் வன்முறை போன்ற சில இடங்களில் மட்டும் விலக்கு. உங்கள் சம்மதம் இல்லாமல் பதிவு செய்யக்கூடாது. நீங்களும் அவர்களுக்குத் தெரியாமல் பதிவு செய்யாதீர்கள்.

'திரையில பாத்தா குணமாகுமா?' மன அழுத்த நோய்க்கும் பதற்றத்துக்கும் காணொளி வழியாகத் தரும் பேச்சுச் சிகிச்சை, நேரில் தருவதற்குக் கிட்டத்தட்ட இணையான பலன் தருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. கொரோனாவுக்குப் பல ஆண்டுகள் முன்பே சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தில் திரையை வைத்து அனுப்பி, சென்னையில் இருந்த மருத்துவரை நோயாளியுடன் பேச வைத்தது.

'ஏஐ செயலிதான் ராத்திரி ரெண்டு மணிக்கும் பதில் சொல்லுதே.' சொல்லும். பெரும்பாலும் நீங்கள் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடும். நீங்கள் நான்கு நாளாகச் சாப்பிடவில்லை என்பது அதன் கண்ணில் படாது. உங்களுக்கு ஏதாவது ஆனால் பொறுப்பேற்கவும் ஆளில்லை.

மாத்திரையில் விளையாடாதீர்கள்

இதை எத்தனை முறை சொன்னாலும் சலிக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் பழக்கமாகிவிடும். பல மாதம் விழுங்கிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ நெறிமுறைகள் அல்பிரசோலத்தைக் காணொளியில் எழுத அனுமதிப்பதில்லை. கேட்டதும் அனுப்பி வைக்கும் தளம் மருத்துவம் பார்க்கவில்லை, வியாபாரம் செய்கிறது. உளவியலாளர் மருந்து எழுத முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு மனநல மருத்துவர்தான் வேண்டும். அவர் தரும் மன அழுத்த மருந்து வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். ஐந்தாம் நாள் 'ஒண்ணும் தெரியல' என்று குப்பையில் போடுகிறார்கள், ஆறாம் மாதம் 'நல்லாயிட்டேன்' என்று அவர்களாகவே நிறுத்துகிறார்கள். இரண்டும் தவறு. தூக்கத்துக்காக ஒரு கட்டிங் போடுவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். மந்திரித்துக் கயிறு கட்டினால் கட்டிக்கொள்ளுங்கள், சண்டையில்லை. கயிறு வந்ததென்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

திரை போதாத நேரம்

காதில் குரல் கேட்பது, பல நாள் தூங்காமலே அளவுகடந்த உற்சாகம், குடியை நிறுத்தியதும் கை நடுக்கமும் குழப்பமும், சாவதற்கு நாளும் வழியும் யோசித்து வைத்திருப்பது ஆகியவை ஆன்லைனுக்கானவை அல்ல. நேராக மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, பணம் வேண்டாம். அடிக்கிறவரோடு ஒரே கூரையில் இருக்கும் பெண்களும் வீட்டிலிருந்து காணொளியில் பேச வேண்டாம். பாதுகாப்பான இடத்துக்கு வந்து பேசுங்கள்.

தயவுசெய்து

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனால் காத்திருக்காதீர்கள். கட்டணம் கட்ட முடியாது என்று யாரும் தயங்க வேண்டாம். 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 உதவி எண்ணும் இருக்கிறது. தற்கொலைத் தடுப்புக்காக 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகாவின் எண் 044-24640050.

தொடங்கியவர்களிடம் ஒரு வேண்டுகோள்: நான்கு அமர்வாவது பார்க்காமல் விடாதீர்கள். அவரோடு ஒத்துவரவில்லை என்றால் சொல்லாமல் காணாமல் போகாதீர்கள். "உங்களோடு எனக்குச் சரிவரவில்லை" என்று அவரிடமே சொல்லுங்கள். நல்ல ஆலோசகர் கோபித்துக்கொள்ள மாட்டார், வேறொருவரின் பெயரை அவரே தருவார்.