ஃபிரிட்ஜ் ஃபில்டர் எதைப் பிடிக்கும், எதை விடும்?

அமெரிக்காவில் பல வீடுகளில் ஃபிரிட்ஜ் கதவிலேயே குடிநீர் பிடிக்கலாம். உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜில் இருப்பது இறுக்கி அழுத்திய ஆக்டிவேட்டட் கார்பன். ஒரு கிராம் கரியின் நுண்துளைகளை விரித்தால் 500 சதுர மீட்டருக்கு மேல் வரும்! குளோரின் அதோடு வினைபுரிந்து குளோரைடாகிவிடும். பல பூச்சிமருந்துகள் துளைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

ஈயம்? அட்டையில் என்எஸ்எஃப் 42 என்ற தரச்சான்று மட்டும் இருந்தால் சுவை, வாடை சீராகும், அவ்வளவுதான். ஈயத்தைப் பிடிக்க 53 என்ற சான்றும், அதில் ஈயத்தின் பெயரும் இருக்க வேண்டும். கரைந்த உப்பு கரியில் நிற்காது. சென்னையின் உப்பு போர் தண்ணீருக்கு இது தோதுப்படாது.

குளோரின் போன ஈரக் கரியில் பாக்டீரியா குடியேறும். ஆறு மாதத்துக்கொருமுறை மாற்றச் சொல்வது வெறும் விற்பனைத் தந்திரமல்ல. புதிதாக மாட்டியதும் கரித்தூளோடு வரும் முதல் சில லிட்டரைக் கொட்டிவிடுங்கள்.