பெரிய துரையின் நாற்காலி



மட்டக்களப்பு வாவிக்கரைப் பிள்ளையொன்று உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவைத் தெரிந்தெடுத்தால், பெற்றோர் முதலிற் கேட்பது, "இதைப் படித்து எந்தக் கந்தோரில் உத்தியோகம்?" என்பதுதான். பெரிய கொம்பனியொன்றின் தலைவராகலாம் என்று விடையளிக்க, அதிபராகிய எனக்கும் நாக் கூசுவதுண்டு. அந்த நாற்காலியில் அமர்ந்தோர் எவ்வழியாகச் சென்றனர் என்பதைச் சற்று நோக்குவோம்.

பிரித்தானியர் ஆட்சியில் கொழும்புக் கோட்டையின் வணிக நிறுவனங்களை நடத்தியோர் பெரும்பாலும் அவர்களே. தேயிலையைச் சுவைத்துத் தரங்காணும் தொழில்கூட நம் நாட்டவர்க்கு நெடுங்காலம் அடைத்த கதவாயிருந்தது. 1930இல் பிறந்த மெரில் பெர்னாண்டோ, அது சிறிது திறந்தபோது பயிலுநராக நுழைந்த முதற் சிலருள் ஒருவர். இலங்கைத் தேயிலை பிறநாட்டுத் தேயிலையோடு கலக்கப்பட்டு அந்நியர் பெயரில் விற்கப்படுவதை இலண்டனிற் கண்ட அவர், மைந்தர் டில்ஹான், மலிக் ஆகியோரின் பெயர்களை இணைத்து, 1985இல் 'டில்மா'வை ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு விட்டார். அவ்வளவு காலம் பிடித்தது!

ஜோன் கீல்ஸ் நிறுவனமோ 1870இல் ஆங்கிலேயரொருவர் தொடங்கிய தரகு வணிகத்திலிருந்து வளர்ந்தது. 1990இல் அதன் தலைமைக்கு வந்த முதல் இலங்கையர் கென் பாலேந்திரா என்னும் தமிழர். கொழும்பு றோயல் கல்லூரி, றக்பி ஆட்டம், தோட்டத்துரை உத்தியோகம், பின்னர் தேயிலைத் தரகு என்பன அவர் ஏறிய படிகள். மேற்படிகளுக்குத் திறமை வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின் முதற்படி எந்த ஊரிற் கிடந்தது என்பதையும் கவனியுங்கள்.

இஃது இலங்கைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் பெருநிறுவனத் தலைவர்களை ஆராய்ந்து 1955இல் நூல் வெளியிட்ட வார்னர், அபெக்லன் என்போர், அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் வணிகத் துறையினரின் புதல்வரே என்று கண்டனர்.

நம் பக்கத்தில் வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1956இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. பெருந்தொழில் வாவிக்கு அண்மையில் வந்தது. தலைவரை நியமிக்கும் அதிகாரம் கொழும்பிலேயே இருந்தது.

இன்று ஏணி சற்று இடம்பெயர்ந்திருக்கிறது. 1959இல் நிறுவப்பட்ட பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் பரீட்சை, பாட்டனார் யாரென்று கேட்பதில்லை. 1986இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வணிக, முகாமைத்துவ பீடமும் உண்டு. ஆயினும் பெரிய நிறுவனங்களிற் பயிற்சிபெறக் கொழும்பு செல்லவேண்டியிருக்கிறதே. வலைவீசும் தந்தை அறைவாடகைக்கு எங்கே போவார்?

என் மாணவி ஒருத்தி, கணக்கியலில் முதல்வி, இதனாலேயே லிகிதர் உத்தியோகத்தை ஏற்றாள். சென்ற மாதம் படகுத்துறையிற் கண்டபோது, "தம்பியை வர்த்தகப் பிரிவிலே சேர்த்திருக்கிறேன், சேர், வாடகையை நான் கட்டுவேன்" என்றாள்.