மாடிக்குக் கொரியாக்காரர் குடிவந்தாரா? 24 மணி நேரத்துக்குள் தகவல் தரணும்!

வாலாஜாபாத்:–

"மாடி போர்ஷன் காலியா இருக்கா?" என்று கேட்டு வருகிறவர் ஒரு காலத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருப்பார், இல்லாவிட்டால் பேங்க் கிளார்க்காக இருப்பார். இப்போது கொரியாக்காரரும் வரலாம், ஜப்பான்காரரும் வரலாம்!

இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய் கார் தொழிற்சாலை 1998ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ – நிசான் தொழிற்சாலை 2010ல் திறக்கப்பட்டது. வட்டாரமே மாறிப்போனது.

வாடகை கூடக் கிடைக்கும். சரி! வீட்டுக்காரர் தலையில் ஒரு பொறுப்பும் விழுகிறதே, அது தெரியுமா?

'சி' பாரம்

வெளிநாட்டுக்காரர் தங்க இடம் கொடுத்தால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்குத் தகவல் தர வேண்டும். பல வருஷமாக 'சி பாரம்' என்று வழங்கி வருவது இதுதான். இப்போது கம்ப்யூட்டர் மூலமே அனுப்ப வேண்டும்.

"அதெல்லாம் ஓட்டல், லாட்ஜுக்குத்தானே?" என்று கேட்காதீர்கள். தனி வீட்டுக்காரருக்கும் உண்டு!

எந்த விசா?

கொரியா, ஜப்பான் நாட்டவருக்குச் சென்னை விமான நிலையத்தில் இறங்கியதுமே 60 நாள் விசா கிடைக்கும். ஊர் சுற்றலாம், வியாபாரம் பேசலாம். ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது! அதற்கு எம்ப்ளாய்மெண்ட் விசா வேண்டும். அதைத் தன் நாட்டிலேயே வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

180 நாளுக்கு மேல் தங்கும் விசாவில் வேலைக்கு வருகிறவர், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். சென்னையில் இந்த அலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கிறது. விண்ணப்பம் கம்ப்யூட்டரிலேயே போடலாம்.

அந்தப் பதிவுக்கு, தங்கும் இடத்தின் சி பாரம் நகலையும் கேட்பது வழக்கம். வீட்டுக்காரர் சோம்பினால், குடியிருப்பவர் மாட்டிக்கொள்வார்!

புதுச் சட்டம்

1920, 1939, 1946, 2000 ஆகிய வருஷங்களில் வந்த நான்கு சட்டங்களை ரத்து செய்துவிட்டு, 2025 செப்டம்பர் 1 முதல் ஒரே சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது.

பாஸ்போர்ட், விசா இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்தால் 5 வருஷம் வரை ஜெயில். அபராதம் 5 லட்ச ரூபாய் வரை. விசா முடிந்தும் தங்கினால் 3 வருஷம் வரை ஜெயில். 3 லட்சம் வரை அபராதம். போலிப் பாஸ்போர்ட் என்றால் 7 வருஷம் வரை கம்பி எண்ண வேண்டியதுதான்!

அட்வான்சுக்கு முன்னால்...

ஆகவே, அட்வான்ஸை எண்ணுவதற்கு முன்னால் பாஸ்போர்ட்டையும் விசாவையும் வாங்கிப் பாருங்கள். என்ன விசா, எந்தத் தேதி வரை என்று கவனியுங்கள். நகல் எடுத்து வையுங்கள். மறுநாள் என்று தள்ளிப்போடாமல் தகவலை அனுப்புங்கள்.

துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பியவர்கள் நாம். ஒரு காகிதம் குறைந்தால் அங்கே என்ன பாடு என்பது நமக்குத் தெரியும். நம்மை நம்பிக் குடிவந்தவருக்கு அந்தப் பாடு வரக்கூடாது அல்லவா?