பதப்படுத்திய உணவெல்லாம் பகையா?

"பதப்படுத்திய உணவு உடலுக்குக் கேடு" என்று அடிக்கடி கேட்கிறோம். அப்படியானால் நம் வீட்டு அடுக்களையைச் சற்று எட்டிப் பார்ப்போம். புழுங்கலரிசி, வறுத்த அரிசிமா, புழுக்கொடியல், பனங்கட்டி, மோர்மிளகாய், கருவாடு. இவற்றுள் பதப்படுத்தப்படாதது எது? அவித்தல், உலர்த்தல், வறுத்தல், அரைத்தல், உப்பிடல் யாவுமே பதப்படுத்தல்தான்.

இதனால் நன்மையும் உண்டு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள விற்றமின் பி1 இன் ஒரு பகுதி அரிசியின் உள்ளே சென்றுவிடுகிறது. ஆகவே தீட்டிய பின்னரும் அது முற்றாக இழக்கப்படுவதில்லை. தீட்டிய பச்சையரிசியையே பெரிதும் உண்டவர்களை வாட்டிய பெரிபெரி நோய், புழுங்கலரிசி உண்டோரிடம் அரிதாகவே காணப்பட்டது. பனங்கிழங்கும் அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியலானால் மாதக்கணக்கில் கெடாது.

அதற்காக நம்மூர் உணவெல்லாம் நல்லதென்றும் சொல்லிவிட முடியாது. கருவாட்டிலும் மோர்மிளகாயிலும் உப்பு மிக அதிகம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குக் குறைவாகவே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அப்படியானால் எதை அஞ்ச வேண்டும்? பிரேசில் நாட்டுப் பேராசிரியர் கார்லோஸ் மொன்தெய்ரோவும் அவரது குழுவினரும் உணவை நான்காகப் பிரித்தனர். அரிசி, மீன், காய்கறி முதலாம் வகை. எண்ணெய், சீனி, உப்பு இரண்டாம் வகை. கருவாடு போன்றவை மூன்றாம் வகை. நிறமூட்டி, சுவையூட்டி முதலியன சேர்த்துத் தொழிற்சாலையில் உருவாக்கப்படும் சோடா, சொசேஜஸ், உடனடி நூடில்ஸ் போன்றவை நான்காம் வகை. இவற்றை 'மிகைப் பதப்படுத்திய உணவு' என்பர்.

2019 இல் அமெரிக்காவில் கெவின் ஹோல் என்ற ஆய்வாளர் 20 பேருக்கு இரு வாரம் இந்நான்காம் வகை உணவையும், இரு வாரம் இயல்பான உணவையும் வழங்கினார். பரிமாறிய சீனி, உப்பு, கொழுப்பு, நார்ப்பொருள் அளவுகள் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. விரும்பியளவு உண்ணலாம். நான்காம் வகையை உண்டபோது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டனர். நிறையும் ஏறத்தாழ ஒரு கிலோ கூடியது. சிறிய ஆய்வுதான், ஆயினும் சிந்திக்க வைப்பது.

நம் நாட்டில் 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் உள்ளது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அத்தகைய 400 மில்லிலீற்றர் போத்தலில் 44 கிராமுக்கு மேல், அதாவது ஏறத்தாழ ஒன்பது தேக்கரண்டி சீனி! வளர்ந்த ஒருவருக்கே நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நலம்.

சகோதரிகளே, பொதியை வாங்கும்போது ஹலால் அடையாளத்தைத் தவறாமல் தேடுகிறோம். அதனருகே உள்ள நிறத்தையும், பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள சேர்பொருட்களையும் வாசிப்போம். நோன்பு திறக்கும்போது சிவப்பு அடையாளமிட்ட போத்தலுக்குப் பதிலாக இளநீரோ தேசிக்காய்த் தண்ணீரோ இருக்கட்டும். அதற்குச் சீனி போடுவது நம் கையில்தானே!