கடல் கடந்தவருக்குப் பல்வலி வந்தால்...

பல் போனால் சொல் போகும் என்பார்கள். ஆயினும், பொருளீட்டுவதற்காக வளைகுடா நாடுகளுக்குச் சபர் சென்றுள்ள நம் சகோதரர்கள் பலர், பல்லைக் கவனிப்பதை ஊர் திரும்பும் நாள்வரை ஒத்திப்போட்டு விடுகின்றனர். அங்கே பல் வைத்தியத்திற்குச் செலவு அதிகம். விடுப்புக் கேட்கவும் தயக்கம். கிராம்பும் வலி மாத்திரையுமே துணை. வீட்டார் தொலைபேசியில் விசாரித்தால், "ஒன்றுமில்லை, லேசான பல்வலிதான்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த லேசான வலி சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

வலி அடங்கினால் நோய் அடங்குமா?

சொத்தை பல்லின் உட்கூழை எட்டும்போது குளிர்ந்த நீர் பட்டாலே கூசும். பிறகு இரவில் தெறித்து வலிக்கும். ஒருநாள் வலி தானாகவே நின்றுவிடும். குணமாகிவிட்டது என்று மகிழ்வோம். உண்மையில் உள்ளிருக்கும் நரம்பு இறந்திருக்கும். கிருமிகளோ வேரின் நுனி வழியாகத் தாடை எலும்பில் இறங்கிக் கொண்டிருக்கும். ஆன்டிபயாட்டிக் மாத்திரை வீக்கத்தைச் சில நாட்கள் தணிக்கலாம், மூலத்தை அகற்றாது. வேர் சிகிச்சை செய்வது அல்லது பல்லைப் பிடுங்குவது, இவ்விரண்டில் ஒன்றே தீர்வு.

தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம், வாயைத் திறக்க இயலாமை, விழுங்குவதில் சிரமம், காய்ச்சல், மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நாவின் அடியில் பரவி மூச்சுக் குழலையே அடைக்கக்கூடிய இந்நோயை 1836இல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தார். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். ஆம்புலன்ஸுக்குச் சவூதியில் 997, அமீரகத்தில் 998 என்ற எண்களை அழைக்கலாம்.

கைவசம் செய்யத்தக்கவை

வெதுவெதுப்பான உப்பு நீரால் கொப்பளிக்கலாம். பாரசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரையைப் பெரியவர்கள் ஒரு நாளில் எட்டுக்கு மேல் உட்கொள்ளலாகாது. ஈரல் நோயாளிகள் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். ஆஸ்பிரினை ஈறில் அடக்கி வைப்பது சதையைப் புண்ணாக்கும்.

விபத்தில் பெரியவரின் பல் முழுதாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்தெடுக்க வேண்டும். அழுக்கிருந்தால் லேசாக அலசி, அதே குழியில் பொருத்தலாம். இயலாவிடில் பாலில் இட்டு ஒரு மணி நேரத்திற்குள் பல் வைத்தியரை அடைய வேண்டும். தாமதம் கூடக்கூடப் பல் பிழைக்கும் வாய்ப்புக் குறையும்.

கொடுத்தனுப்பும் மாத்திரை

ஊரிலிருந்து புறப்படுபவரிடம் வலி மாத்திரை கொடுத்தனுப்புவது நம்மவர் வழக்கம். இதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. டிரமடால், கோடீன் கலந்த மருந்துகள் வளைகுடா நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. முன் அனுமதியும் மருத்துவரின் சீட்டும் இன்றிக் கொண்டு சென்றால் விமான நிலையத்திலேயே கைதாக நேரிடும். உதவி செய்ய ஒப்புக்கொண்டவர் சிறை செல்ல நாம் காரணமாகலாமா?

காப்பீடும் விடுமுறையும்

துபாயில் 2013ஆம் ஆண்டின் சட்டப்படி மருத்துவக் காப்பீடு கட்டாயமாயிற்று. 2025 ஜனவரி முதல் ஷார்ஜா உள்ளிட்ட ஏனைய அமீரகங்களின் தனியார் துறை ஊழியர்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. ஆனால் குறைந்த கட்டணக் காப்பீடுகளில் பல் வைத்தியம் பெரும்பாலும் அவசரத் தேவையோடு நின்றுவிடும், அல்லது அறவே இராது. ஆகவே வலி வருமுன்பே கம்பெனியில் கேட்டுத் தெரிந்துகொள்வது அறிவுடைமை.

விடுமுறையில் வருவோர் உறவினர் வீடுகள், திருமணங்கள் எல்லாம் முடிந்து கடைசி வாரத்தில் பல் வைத்தியரைத் தேடுகின்றனர். வேர் சிகிச்சைக்குப் பல தடவை செல்ல நேரலாம். அதன்மேல் உறை போடவும் நாட்கள் வேண்டும். எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லுக்கோ மாதங்கள் ஆகும். எனவே வந்த முதல் வாரத்திலேயே பரிசோதனை செய்வது நல்லது. பாதியில் பயணம் நேர்ந்தால் எக்ஸ்ரே படத்தையும், செய்த சிகிச்சையின் குறிப்பையும் கேட்டு வாங்கிச் செல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் ஈறுகளையும் காட்டுவது அவசியம். ஈறு நோயும் சர்க்கரையும் ஒன்றையொன்று வளர்ப்பவை.

ரமளானில் சாதாரண சிகிச்சையை இஃப்தாருக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் நோன்பைக் காரணம் காட்டித் தள்ளிப்போடலாகாது. நோயாளி பின்னர் கழாச் செய்ய மார்க்கத்தில் சலுகை உண்டு.

மிஸ்வாக்கைப் பேணும் நாம், அதைப் பேணுகிறோம் என்பதற்காகவே பல் வைத்தியரை மறந்துவிடலாகாது. அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கும் தாய்மாரும் மனைவிமாரும், "இரு பக்கமும் மென்று சாப்பிட முடிகிறதா?" என்றும் கேளுங்கள். மறைக்கப்படும் நோய் அந்தப் பதிலில் வெளிப்பட்டுவிடும்.