தொட்ட கரம்

தொழுநோயாளன் ஒருவனைக் குணமாக்குமுன், இயேசுநாதர் கைநீட்டி அவனைத் தொட்டார் என மாற்குவின் சுவிசேஷம் கூறும். சொல்லொன்றே போதுமாயிருக்கத் தொட்டது ஏன்? எவரும் அணுகாத அவனுக்கு நோயினும் கொடியது தனிமை.

இதனை உணர்ந்து வாழ்ந்தவர் பெல்ஜிய நாட்டுக் குருவான தமியான் அடிகள். ஹவாய் அரசு 1866 முதல் தொழுநோயாளரை மொலோக்காய்த் தீவிலே ஒதுக்கிவைத்தது. 1873 இல் அங்கு சென்ற அடிகள், அவர்தம் புண்களைக் கழுவிக் கட்டினார், உடனிருந்து உண்டார், இறந்தோர்க்குத் தம் கையாலே பெட்டி செய்து, குழிதோண்டி அடக்கம் செய்தார். நாளடைவில் அந்நோய் அவரையும் பற்றியது. 1889 இல், 49 ஆம் வயதில், அவர்களுள் ஒருவராகவே மறைந்தார்.

இன்று அந்நோய் மருந்தினால் மாறுகின்றது. புறக்கணிப்பு என்னும் நோய்க்கு மருந்து, அருகே சென்று மனிதனை மனிதனாகக் காணும் அக்கருணையே.